கட்டர் கத்தி: வாங்குவது, வெட்டுவது, ஒடிப்பது

வீட்டு மேசை டிராயரில் கிடக்கும் கட்டரை எடுத்துப் பாருங்கள். அநேகமாக வாங்கிய அன்று உள்ளே இருந்த அதே பிளேடுதான் இன்னும் இருக்கும். நுனி மழுங்கி, பக்கவாட்டில் செல்லோடேப் பசை ஒட்டி, கோடுகளில் துரு ஏறியிருக்கும். வருடக்கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டியது கைப்பிடியை மட்டும்தான். பிளேடு பேனா ரீஃபில் மாதிரி, தீரத் தீர மாற்ற வேண்டியது. புதிதாகக் கட்டர் பிடிப்பவர்களுக்கு நேரும் கோணல் வெட்டு, பிசிர் விட்ட விளிம்பு, கைக்காயம் எல்லாவற்றிலும் பெரும்பகுதி மழுங்கிய பிளேடில்தான் தொடங்குகிறது. பிளேடு இறங்காவிட்டால் கை தானாக அழுத்தும். அழுத்தும்போது வழுக்கினால் அது எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது.

பிளேடில் சாய்வாக ஓடும் கோடுகள், மழுங்கிய நுனித் துண்டை ஒடிப்பதற்காகவே போடப்பட்டவை. 1956-ல் ஜப்பானின் ஒசாகாவில் அச்சகத் தொழிலில் இருந்த யோஷியோ ஒகாடா இந்த ஒடிக்கும் பிளேடை உருவாக்கினார். காகிதம் வெட்ட அப்போது ரேஸர் பிளேடுதான் புழக்கத்தில் இருந்தது. நுனி மழுங்கியதும் மீதி நன்றாக இருந்தாலும் தூக்கிப்போட வேண்டும். செருப்புத் தைப்பவர்கள் கண்ணாடிச் சில்லை உடைத்துப் புதுக்கூர் எடுப்பதும், கட்டம் கட்டமாக ஒடிக்கும் சாக்லேட் பட்டையும் சேர்ந்து அவருக்கு வழி காட்டின. அவர் தொடங்கிய நிறுவனம்தான் இன்றைய ஓல்ஃபா. அவர்கள் வைத்த அகலத்தையும் சாய்வையும் மற்ற தயாரிப்பாளர்களும் பின்பற்றியதால், ஒரு கம்பெனி பிளேடு இன்னொரு கம்பெனி கைப்பிடியில் பெரும்பாலும் உட்கார்ந்துவிடும்.

எந்த அகலம் வாங்குவது

கடையில் ‘சின்னது, பெரியது’ என்று கேட்பதைவிட மில்லிமீட்டர் சொல்லிக் கேளுங்கள்.

9 மி.மீ. பிளேடு ஏறக்குறைய 0.38 மி.மீ. தடிமன். காகிதம், சார்ட், புகைப்படம், ஸ்டிக்கர், மாடல் வேலை இதற்கானது. மெல்லியதாக இருப்பதால் வளைவுகளில் நன்றாகத் திரும்பும். அதே காரணத்தால் தடித்த அட்டையில் அழுத்தினால் வளையும், வெட்டும் கோணலாகும்.

18 மி.மீ. பிளேடு அரை மில்லிமீட்டர் தடிமன். அட்டைப்பெட்டி, ஃபோம் போர்டு, தரைவிரிப்பு, ரெக்சின், ஃபிளெக்ஸ், ஜிப்சம் போர்டு எல்லாம் இதில் ஓடும். வீட்டுக்கு ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் இதை வாங்குங்கள்.

25 மி.மீ. பிளேடு 0.7 மி.மீ. தடிமன். தடித்த தெர்மகோல், இன்சுலேஷன் ஷீட், ரப்பர் போன்ற கட்டட வேலைகளுக்கு. வீட்டில் தேவைப்படாது.

நான்காவது வகையில் பிளேடு ஒடிவதில்லை. ஸ்டான்லி கத்தி என்று பலரும் சொல்லும் உலோகக் கைப்பிடியில் வருவது இது. பிளேடு சரிவக வடிவில், சுமார் 6 செ.மீ. நீளம், இரண்டு முனையிலும் கூர். ஒரு முனை போனால் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். ஒடிப்பதற்கான கோடு இல்லாததால் பக்கவாட்டு அழுத்தத்தைத் தாங்கும். லினோலியம், தார்ஷீட், தடித்த கார்பெட் வெட்டுபவர்களுக்கு ஒடிக்கும் பிளேடைவிட இதுவே நல்லது. இதிலேயே கொக்கி வடிவ பிளேடும் உண்டு. கீழே உள்ள தரையைக் கீறாமல் மேலே உள்ள விரிப்பை மட்டும் இழுத்து வெட்டும்.

கையில் எடுத்துப் பார்க்க வேண்டியவை

பிளேடு ஓடும் பள்ளத்தை முதலில் பாருங்கள். மலிவான கட்டர்களில் அது வெறும் பிளாஸ்டிக். சில மாதங்களில் தேய்ந்து பிளேடு ஆட ஆரம்பிக்கும். உள்ளே ஸ்டீல் தகடு வைத்ததை வாங்குங்கள். விலை வித்தியாசத்துக்கு இதுவும் ஒரு காரணம். ஒரு துண்டு மட்டும் வெளியே தள்ளி, லாக் போட்டு, பிளேடின் தட்டையான பக்கத்தை விரலால் இடவலமாக அசையுங்கள். லேசான அசைவு பரவாயில்லை. லொடலொடவென்று ஆடினால், நீங்கள் ஸ்கேலை எவ்வளவு நேராகப் பிடித்தாலும் கோடு நேராக வராது.

லாக் இரண்டு விதம். ஸ்லைடரைத் தள்ளி விட்டதும் தானே பற்களில் மாட்டிக்கொள்வது ஒன்று. ஒரு கையால் இயக்கலாம், பெட்டி பிரிப்பது போல அடிக்கடி நீட்டி மடக்கும் வேலைக்கு வசதி. சின்னச் சக்கரத்தைத் திருகி இறுக்குவது மற்றொன்று. அழுத்தி வெட்டும்போது பிளேடு உள்ளே நழுவாது. 9 மி.மீ.-க்கு முதல் வகை போதும். 18 மி.மீ. கட்டரில் ஜிப்சம், ரப்பர் வெட்டப் போகிறீர்கள் என்றால் சக்கரம் வைத்தது நல்லது. எந்த லாக்காக இருந்தாலும் பிளேடை நீட்டி, நுனியை ஒரு மரத்துண்டில் மெதுவாக ஊன்றிப் பாருங்கள். பின்வாங்கினால் அந்தக் கட்டர் வேண்டாம்.

இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் பிளேடைத் திருப்பிப் போட முடிகிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். பல கைப்பிடிகளில் முடியும்.

மாற்று பிளேடு வாங்கும்போது கைப்பிடியைவிடக் கறாராக இருங்கள். நல்ல பிளேடுகள் உயர்கார்பன் ஸ்டீலில் வருகின்றன. பாக்கெட்டில் எஸ்.கே.2 என்றிருந்தால் கார்பன் சுமார் 1.2 சதவீதம், எஸ்.கே.5 என்றால் சுமார் 0.85. கார்பன் கூடினால் கூர் கூடுதல் நாள் நிற்கும். கறுப்பு நிற பிளேடுகளைப் பொதுவாக இன்னும் குறுகிய கோணத்தில் தீட்டியிருப்பார்கள். காகிதத்தில் வெண்ணெயாக இறங்கும், ஆனால் கடினமான பொருளில் நுனி சீக்கிரம் உதிரும். துரு பிடிக்கக் கூடாத இடத்துக்கு ஸ்டெயின்லெஸ் பிளேடும் உண்டு; கூர் அவ்வளவு நாள் நிற்காது. 9 மி.மீ.-ல் நுனி 30 பாகை சாய்வுள்ள பிளேடு தனியாகக் கிடைக்கிறது. வழக்கமான பிளேடின் சாய்வு 60-ஐ ஒட்டி இருக்கும். நுணுக்கமான கட்டிங்குக்கு 30 பாகை அருமை. ஆனால் ஊசி போன்ற அந்த நுனி தடித்த அட்டையில் முதல் இழுப்பிலேயே உடையும்.

வெட்டும் முன்

கட்டிங் மேட் ஒன்று வாங்கிவிடுங்கள். ஏ3 அளவு போதும். மேட் இல்லாமல் கண்ணாடி மேலும் கிரானைட் மேலும் வெட்டினால் ஒரே வேலையில் நுனி போய்விடும். பழைய அட்டை மேல் வெட்டினால், முன்பு விழுந்த கீறலில் பிளேடு மாட்டி அது இழுக்கும் பக்கம் போகும். மேட்டை வெயிலிலோ சூடான காருக்குள்ளோ வைக்காதீர்கள். ஒருமுறை நெளிந்துவிட்டால் பிறகு சமதளமாகாது.

ஸ்கேல் ஸ்டீலாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக்கையும் அலுமினியத்தையும் பிளேடு சீவிவிடும். அப்படி விழுந்த ஒரு சின்னப் பள்ளம் அடுத்த எல்லா வெட்டுகளிலும் தெரியும். கடையில் கிடைக்கும் ஸ்டீல் ஸ்கேல் மெல்லியது, வழுக்கும். அடிப்பக்கம் இரண்டு பட்டை மாஸ்கிங் டேப் ஒட்டினால் வழுக்காது. மெல்லிய ஸ்கேலில் இன்னொரு ஆபத்து: பிளேடு மேலேறி விரலுக்கு வரும். அதனால் ஸ்கேலைப் பிடிக்கும் விரல்கள் வெட்டும் ஓரத்திலிருந்து இரண்டு செ.மீ.-யாவது உள்ளே இருக்கட்டும். விரல் நுனி ஸ்கேலைத் தாண்டி எட்டிப் பார்க்கிறதா என்று ஒவ்வொரு இழுப்புக்கு முன்னும் பாருங்கள். அதிகக் காயங்கள் ஏற்படுவது இந்த இடத்தில்தான்.

வெட்டும் முறை

1. தேவைக்கு மேல் பிளேடை நீட்டாதீர்கள். காகிதத்துக்கும் அட்டைக்கும் ஒரு துண்டு, அதிகம் போனால் இரண்டு. நீட்ட நீட்ட பிளேடு வளையும், வளைந்த பிளேடு கோட்டில்தான் முறியும்.

2. உங்களுக்கு வேண்டிய பகுதியின் மேல் ஸ்கேலை வையுங்கள். பிளேடு விலகிப்போனாலும் வெட்டு கழிவுப் பக்கம் விழும். பலரும் தலைகீழாகச் செய்து நல்ல ஷீட்டைக் கெடுக்கிறார்கள்.

3. பிளேடு முன்னாலிருந்து பார்க்கையில் செங்குத்தாக இருக்கட்டும். உள்பக்கமோ வெளிப்பக்கமோ சாய்த்தால் தடித்த பொருளின் விளிம்பு சரிவாக வரும். ஃபோம் போர்டில் பெட்டி செய்யும்போது மூலைகள் பொருந்தாததற்குக் காரணம் இதுதான். இழுக்கும் திசையில் மட்டும் கைப்பிடியைத் தாழ்த்துங்கள். நேர்கோட்டுக்கு நன்றாகத் தாழ்த்தலாம். வளைவிலும் மூலையிலும் நிமிர்த்துங்கள்.

4. முதல் இழுப்பில் அழுத்தம் கிட்டத்தட்ட வேண்டாம். அது பாதை போடுவதற்கு மட்டும். இரண்டாவது, மூன்றாவது இழுப்பு அந்தப் பாதையிலேயே இறங்கும். ஒரே இழுப்பில் முடிக்கும் ஆசைதான் பிசிருக்கும் காயத்துக்கும் காரணம்.

5. நீளமான கோட்டுக்கு எழுந்து நில்லுங்கள். மணிக்கட்டை மடக்காமல் தோளிலிருந்து கையை இழுங்கள். பிளேடு வரும் பாதையில் வயிறோ தொடையோ இருக்கக் கூடாது; கொஞ்சம் பக்கவாட்டில் நின்றால் கட்டர் உடம்பைத் தாண்டிப் போகும். மடியில் வைத்து எதையும் வெட்டாதீர்கள்.

6. வெட்டி முடித்ததும், கட்டரைக் கீழே வைப்பதற்கு முன், பிளேடை உள்ளே இழுத்துவிடுங்கள். இரண்டு வெட்டுக்கு இடையில் ஸ்கேல் நகர்த்தும்போதும் இதே பழக்கம்.

பொருளுக்கேற்ற கை

5 மி.மீ. ஃபோம் போர்டுக்கு மூன்று இழுப்பு: மேல் காகிதம், நடு ஃபோம், அடிக் காகிதம். நடுவில் ஃபோம் பொரிப் பொரியாகப் பெயர்ந்தால் உங்கள் கையில் குறையில்லை, பிளேடு மழுங்கியிருக்கிறது. ஃபோம் மென்மையாகத் தெரிந்தாலும் அதற்குப் புதுநுனி வேண்டும். கூர் போன பிளேடு வெட்டாமல் அதைப் பிய்க்கும்.

ஸ்டிக்கரில் மேல்தாள் மட்டும் வெட்டுப்பட்டு அடித்தாள் நிற்க வேண்டும் என்றால் 30 பாகை பிளேடு, ஒரு மில்லிமீட்டர் நீட்டல், கட்டரின் சொந்த எடை. ஓரத்துண்டில் இரண்டு மூன்று முறை அழுத்தம் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

12.5 மி.மீ. ஜிப்சம் போர்டை யாரும் முழுக்க வெட்டுவதில்லை. முன்பக்கத் தாளையும் சுண்ணத்தில் கொஞ்சத்தையும் 18 மி.மீ. பிளேடால் கீறி, கீறலுக்கு எதிர்ப்பக்கமாக மடக்கினால் நேராக முறியும். பிறகு பின்தாளை வெட்டினால் போதும். ஜிப்சம் பிளேடைத் தின்றுவிடும். நாலைந்து போர்டுக்கு ஒரு துண்டு என்று கணக்கு வைத்து ஒடித்துக்கொண்டே போங்கள்.

அக்ரிலிக்கை வழக்கமான பிளேடால் முயலாதீர்கள். கோழிமூக்குப் போல வளைந்த நுனியுள்ள அக்ரிலிக் கட்டர் தனியாக உண்டு. அது பொருளைச் சுரண்டி எடுக்கும். ஸ்கேல் வைத்து எட்டு, பத்து முறை இழுத்து மூன்றில் ஒரு பங்கு ஆழம் வந்ததும், கீறல் மேலே தெரிய மேசை விளிம்பில் வைத்துக் கீழ்நோக்கி அழுத்தினால் ஒடியும். 2, 3 மி.மீ. ஷீட்டுக்கு இது நடக்கும். அதற்கு மேல் தடிமன் என்றால் ரம்பம்.

கூரியர் பெட்டி பிரிக்கும்போது டேப்பை மட்டும் வெட்டும் அளவுக்கு, 2 அல்லது 3 மி.மீ. நீட்டினால் போதும். முழுத் துண்டை நீட்டினால் உள்ளே இருக்கும் புடவையும் கிழியும். பெட்டியைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் பட்டை இறுக்கத்தில் இருக்கும். வெட்டியதும் துள்ளி முகத்துக்கு வரும். முகத்தைத் தள்ளி, பக்கவாட்டில் நின்று வெட்டுங்கள்.

பெயிண்ட் டப்பா மூடி திறப்பது, ஸ்குரு திருகுவது, ஒட்டிய தகட்டை நெம்புவது இவை எதுவும் கட்டரின் வேலை இல்லை. பிளேடு இழுவையைத் தாங்கும். நெம்பினால் முறிந்து தெறிக்கும்.

எப்போது ஒடிப்பது, எப்படி ஒடிப்பது

காகிதம் பார்க்க மென்மையானது, ஆனால் பளபளப்புத் தாளில் களிமண்ணும் சுண்ணாம்பும் பூசியிருக்கிறார்கள். அட்டைப்பெட்டியின் மறுசுழற்சிக் கூழில் நுண்மணல் இருக்கும். அதனால் நீங்கள் எதிர்பார்ப்பதைவிட வேகமாக நுனி தேயும். பழைய செய்தித்தாளைத் தொங்கவிட்டு ஓரத்திலிருந்து வெட்டிப் பாருங்கள். சத்தமில்லாமல் இறங்கினால் நல்லது, தாள் சுருண்டு கிழிந்தால் ஒடிக்கும் நேரம். வெளிச்சத்தில் பிளேடின் கூர் விளிம்பை நேராகப் பார்த்தாலும் தெரியும். நல்ல கூர் ஒளியைத் திருப்பாது. மழுங்கிய இடத்தில் வெள்ளைப் புள்ளியோ கோடோ மின்னும். விரலால் தடவிப் பார்க்க வேண்டாம்.

ஒடிக்கும்போது பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்; அது இல்லாவிட்டால் மூக்குக் கண்ணாடியாவது இருக்கட்டும். ஒரே ஒரு துண்டு மட்டும் கைப்பிடிக்கு வெளியே இருக்கும்படி வைத்து லாக் போடுங்கள். பிளேடின் ஒரு பக்கத்தில்தான் கோடு ஆழமாக இருக்கும். அந்தப் பக்கம் உங்களைப் பார்க்கட்டும். கட்டிங் பிளேயரால் துண்டின் பெரும்பகுதியைப் பற்றி, உங்களிடமிருந்து விலகும் திசையில் மடக்குங்கள். கோடு விரியும் பக்கம் மடக்குவதால் சின்ன ‘டக்’ சத்தத்தோடு ஒடிந்துவிடும். எதிர்ப்பக்கம் மடக்கினால் கோடு மூடிக்கொள்ளும், அதிக பலம் தேவைப்படும், துண்டு எகிறும். சில கைப்பிடிகளின் பின்மூடியிலேயே ஒடிப்பதற்கான பிளவு இருக்கிறது, அதையும் பயன்படுத்தலாம். கையால் ஒடிப்பவர்களைக் கடைகளில் பார்த்திருப்பீர்கள். அவர்களைப் பார்த்துப் பழக வேண்டாம்.

மலிவு பிளேடில் கோடு சரியான ஆழத்தில் இருக்காது. ஆழம் குறைந்தால் ஒடியாமல் வளையும், கூடினால் வெட்டும்போதே முறியும். இரண்டில் எது நடந்தாலும் அந்தப் பாக்கெட்டைத் திரும்ப வாங்காதீர்கள்.

பிளேடு மாற்றுவது

18 மி.மீ. பிளேடில் வழக்கமாக 8 துண்டுகள், 9 மி.மீ.-ல் 13. கடைசித் துண்டு வரை போகாமல் முன்கூட்டியே மாற்றுங்கள். மிச்சமிருக்கும் நீளம் பள்ளத்துக்குள் பிடிமானமாக இருக்க வேண்டும். பின்மூடியைக் கழற்றி, ஸ்லைடரைப் பின்னோக்கி முழுவதும் இழுத்து வெளியே எடுங்கள். பிளேடின் வாலில் உள்ள துளை ஸ்லைடரின் சின்ன முளையில் உட்காரும். புது பிளேடின் துளையை அதில் மாட்டி, கூர் சரியான பக்கம் பார்க்கிறதா என்று சரிபார்த்து, பள்ளத்தில் மெதுவாகத் தள்ளி, மூடியைப் போடுங்கள். மூடியை மறந்துவிட்டு வெட்டினால் பிளேடு பின்வழியாக உள்ளங்கைக்கு வரும். சில மாடல்களில் பிளேடு முன்பக்கமாக ஏறும், அவற்றில் லாக்கைத் தளர்த்திவிட்டுச் செய்யுங்கள்.

புது பிளேடின் மேல் துருத் தடுப்பு எண்ணெய் இருக்கும். அதைத் துடைக்காமல் வெள்ளைத் தாளில் இறங்கினால் முதல் வெட்டின் ஓரம் முழுக்க எண்ணெய்க் கறை. பாக்கெட்டில் மிச்சமிருக்கும் பிளேடுகளில் மட்டும் அந்த எண்ணெயை விட்டுவிடுங்கள், அதுதான் காவல். அந்த எண்ணெய்க்காகவே கட்டரைச் சமையலறைப் பக்கம் கொண்டுபோகவும் வேண்டாம்.

பசை, துரு, அடைப்பு

டேப் வெட்டிய பிளேடு இரண்டே நாளில் மழுங்கியதாகத் தோன்றினால் பெரும்பாலும் அது பசைதான். பிளேடைக் கழற்றி, மண்ணெண்ணெயோ ஸ்பிரிட்டோ நனைத்த துணியால், முதுகிலிருந்து கூர் நோக்கித் துடையுங்கள். கூரின் நெடுக்கே துணியை ஓட்டினால் துணியோடு விரலும் போகும். தின்னர் பிளாஸ்டிக் கைப்பிடியைக் கரைக்கும், அதனால் கழற்றாமல் அதைத் தொடாதீர்கள்.

கடலோர ஊர்களில், மழைக்காலத்தில், கார்பன் ஸ்டீல் பிளேடு வாரத்துக்குள் பொட்டு வைக்கும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு மெல்லத் தடவினால் போதும். தேங்காயெண்ணெய் நாளடைவில் பிசுபிசுப்பாகி, தூசியைப் பிடித்து ஸ்லைடரை இறுக்கிவிடும். புதுப் பொருள்களுடன் வரும் சிலிகா ஜெல் பொட்டலத்தை மாற்று பிளேடு டப்பாவில் போட்டு வையுங்கள்.

லாக் பற்களில் காகிதத் தூளும் ஜிப்சம் பொடியும் அடைந்தால் ஸ்லைடர் சரியாக மாட்டாது. பழைய டூத் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். பல் தேய்ந்து நழுவினால் கைப்பிடியையே மாற்ற வேண்டும்.

தீட்டலாமா என்ற கேள்வி எப்போதும் வரும். ஒடிக்கும் பிளேடைத் தீட்டுவது உழைப்புக்குத் தகாத வேலை. சரிவக பிளேடைச் சாணைக்கல்லில் நாலு இழுப்பு இழுத்துக் கொஞ்ச நாள் தள்ளலாம். மின் சாணையில் வைக்கவே கூடாது. நுனியில் நீலம் பாய்ந்தால் ஸ்டீலின் பதம் போய்விட்டது. அதற்குப் பிறகு கூர் நிற்காது.

வெட்டுப்பட்டால்

சுத்தமான துணியால் நேரடியாக அழுத்தி, கையை உயர்த்தி, பத்து நிமிடம் விடாமல் பிடியுங்கள். இடையில் திறந்து பார்த்தால் உறையத் தொடங்கிய ரத்தம் மறுபடி ஓடும். ரத்தம் நிற்கவில்லை, காயம் வாய் பிளந்திருக்கிறது, விரல் மடங்கவில்லை, நுனி மரத்திருக்கிறது என்றால் தாமதிக்காமல் மருத்துவமனை; தசைநாரோ நரம்போ அறுந்திருக்கலாம். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள். நாள் முழுக்க வெட்டும் வேலை என்றால் கட்டரைப் பிடிக்காத கைக்கு வெட்டுத்தடுப்புக் கையுறை போடலாம். கையுறைகளுக்கான ஐரோப்பியத் தரநிலையான இ.என். 388 குறியீட்டில் ஏ முதல் எஃப் வரை தரம் இருக்கும்; சி அல்லது அதற்கு மேல் வாங்குங்கள். இது இழுப்பு வெட்டுக்கான தரம், நுனி குத்துவதைத் தடுக்காது.

ஒடித்த துண்டுகள்

குப்பைக் கவரில் அப்படியே போட்ட துண்டு, அதை அள்ளுபவரின் கையில் ஏறும். மூடி இறுக்கமான தகர டப்பாவில், மூடியில் ஒரு சின்னப் பிளவு வெட்டி, துண்டுகளை அதில் போட்டு வாருங்கள். கண்ணாடிப் பாட்டில் வேண்டாம், உடைந்தால் இரட்டை வேலை. டப்பா நிறைந்ததும் பிளவின் மேல் டேப் சுற்றி, ‘பிளேடு’ என்று பெரிதாக எழுதி, குப்பையோடு கலக்காமல் தூய்மைப் பணியாளரிடம் சொல்லித் தனியாகக் கொடுங்கள். பழைய இரும்புக் கடையிலும் டப்பாவோடு வாங்கிக்கொள்வார்கள்.